வழித்தெய்வமும் நகரின் அச்சமும்
ஏதென்ஸ் நகர ஹேர்மிஸ் கற்கள் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தலைப்பட்ட காலத்திலேயே தன் ஊரெல்லையைக் கடந்து செல்லவேண்டிய தேவையும் அவனுக்கு ஏற்பட்டது. உப்பையும் உலோகத்தையும் தேடி அவன் சென்றான், பெண் கொள்ளவும் கொடுக்கவும் சென்றான், போரிடவும் சென்றான். ஊருக்குள் அவனுக்குக் காவலாக உறவினர் இருந்தனர், குலவழக்கு இருந்தது, பழிக்குப்பழி வாங்கச் சுற்றம் இருந்தது. எல்லைக்கல்லைத் தாண்டிய மறுகணமே அவன் அந்நியனாகின்றான். அவனைக் கொன்றவனைக் கேட்பதற்கு அங்கு ஆளில்லை. இவ்வாறு ஓர் ஊரின் வழக்கு முடிந்து மற்றோர் ஊரின் வழக்குத் தொடங்கும் வரையுள்ள இடைவெளியிலேதான் வழித்தெய்வங்கள் தோன்றின எனலாம். அவை பயணியின் அச்சத்தில் மட்டும் பிறந்தவையல்ல. ஒருவரையொருவர் அறியாதவர்களும் ஒரு பொது ஒழுக்கத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்ற சமூகத் தேவையிலும் பிறந்தவை.

இக்கருத்தினை ஆராய்வதற்குக் கிரேக்கரின் வழித்தெய்வமாகிய ஹேர்மிஸ் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். காட்டுவழியிற் கற்குவியலாக இருந்த இத்தெய்வம் ஏதென்ஸ் நகரில் அரசின் கருவியாகவும், பின்னர் மக்களாட்சியின் அடையாளமாகவும் மாறியது. கி.மு. 415 ஆம் ஆண்டில் ஓர் இரவு அந்நகரத்து ஹேர்மிஸ் கற்களிற் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. உடைத்தவர் யாவர் என்ற வினாவிற் பெரும்பாலான நூலாசிரியர் கவனஞ் செலுத்தியுள்ளனர். உடைக்கப்பட்ட பின்னர் நகரத்தவர் யாது செய்தனர் என்ற வினாவே வரலாற்று மாணவனுக்குக் கூடிய பயனைத் தருவதாகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கற்குவியலும் தெய்வமும்

ஹேர்மிஸ் மிகத் தொன்மையான தெய்வம். கிரேக்கத்தின் தென்மேற்கே பைலோஸ் என்னுமிடத்திலிருந்த மைசீனிய அரண்மனையின் களிமண் ஏடுகளில், காணிக்கை பெறும் தெய்வங்களுள் ஒன்றாக இப்பெயர் காணப்படுகின்றது. ஏறக்குறைய கி.மு. 1200 ஐச் சேர்ந்த அவ்வேடுகளின் எழுத்துமுறையை 1952 ஆம் ஆண்டில் மைக்கல் வென்றிஸ் என்பவர் வாசித்தறிந்தார். எனவே ஹோமரின் வீரயுகப் பாடல்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தெய்வம் வழிபடப்பட்டமை தெளிவாகும்.

கிரேக்க மொழியில் 'ஹேர்மா' என்னும் சொல் நாட்டிய கல்லையும் குவித்த கல்லையும் சுட்டும். இதனின்றே ஹேர்மிஸ் என்ற பெயர் பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இதனை ஏற்காத சொல்லியலாரும் உளர். சுவீடன் நாட்டு மதவரலாற்றறிஞராகிய மார்ட்டின் நில்சன், வழியோரக் கற்குவியலில் உறைந்த ஆற்றலே பின்னர் ஹேர்மிஸாக உருப்பெற்றது என்று கொண்டார். சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், வழியோரக் கற்குவியல்கள் இத்தெய்வத்துக்கு உரியனவாக மதிக்கப்பட்டமையில் ஐயமில்லை. ஒடிசியில் இத்தாக்கா நகருக்கு மேலேயுள்ள ஹேர்மிஸ் குன்று பேசப்படுகின்றது. எலிஸ் நாட்டு வழிகளில் ஹேர்மிஸின் தலங்கள் மலிந்திருந்தமையைப் புவியியலாசிரியர் ஸ்திராபோ குறிப்பிடுகின்றார்.

வழிச்செல்வோன் ஒவ்வொருவனும் குவியலில் ஒரு கல்லை இட்டுச் செல்வது வழக்கம். இச்செயலின் நடைமுறைப் பயனை நோக்குதல் வேண்டும். காலில் இடறும் கல்லை எடுத்துக் குவியலில் இடும்போது பாதை துப்புரவாகின்றது; குவியல் உயர்வதால் பின்வருவோனுக்கு வழி தெரிகின்றது. முன்னே சென்றவனைப் பின்னே வருபவன் கண்டதில்லை. ஆயினும் அவனிட்ட கல் இவனுக்கு வழிகாட்டுகின்றது. இவனிடுங் கல் இனி வருபவனுக்கு வழிகாட்டும். அறிமுகமில்லாதோரின் கூட்டுழைப்பினால் எழுந்த கோயில் என இதனைக் கூறலாம். அதற்குப் பூசகரில்லை, காவலரில்லை, மதிலுமில்லை.

இக்குவியல்களுக்குப் பிற்காலத்தவர் ஒரு கதையும் கூறினர். நூறு கண்களையுடைய ஆர்கஸ் என்பவனைக் கொன்றமைக்காக ஹேர்மிஸைத் தேவர்கள் விசாரித்தனராம். தீர்ப்பளிக்கையில் தத்தம் வாக்குக் கற்களை அவர்கள் அவன்மீது எறிய, அவை காலடியிற் குவிந்தனவாம். வழக்கத்தை விளக்கப் பின்னெழுந்த கதையே இது. ஆயினும் கற்குவியலை விசாரணையோடும் தீர்ப்போடும் அது தொடர்புறுத்துகின்றமை கவனிக்கத்தக்கது. ஏதென்ஸில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இத்தொடர்பு மீண்டும் நினைவுக்கு வரும்.

வழிகாட்டியும் கள்வனும்

இலக்கியங்களில் ஹேர்மிஸ் எல்லைகளைக் கடப்பவனாகவே சித்திரிக்கப்படுகின்றான். இலியட்டின் இறுதிப் பகுதியில், மகன் ஹெக்டரின் உடலை மீட்பதற்காக முதியவன் பிரியம் இரவிற் பகைவர் பாசறைக்குச் செல்கின்றான். இளைஞனொருவனின் வடிவில் வந்து அவனுக்கு வழித்துணையாவது ஹேர்மிஸே. காவலரை உறங்கவைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு, அக்கிலிஸின் குடிலுக்குள் தான் புகாமலே அவன் மீள்கின்றான். வீட்டினுள் வந்த விருந்தினனைக் காப்பது சீயஸின் பொறுப்பு. வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பது ஹேர்மிஸின் பொறுப்பு. கிரேக்கரின் இப்பாகுபாடு நுட்பமானது. ஒடிசியின் இறுதியில் இறந்தோரின் ஆவிகளை மறுவுலகுக்கு நடத்திச் செல்பவனும் அவனே.

அவனே கள்வரின் தெய்வமுமாவான். ஹேர்மிஸைப் பற்றிய பழைய துதிப்பாடலொன்று அவனது பிறப்பைக் கூறும். ஆர்க்கேடியாவிலுள்ள கிலீனி மலைக்குகையிற் காலையிற் பிறந்த குழந்தை, நண்பகலில் ஆமையோட்டினால் யாழமைத்து இசைக்கின்றது. மாலையில் அண்ணன் அப்பலோவின் பசுக்களைக் கவர்கின்றது. அடிச்சுவடு ஏமாற்றும்படி பசுக்களைப் பின்புறமாக நடத்தித் தான் இலைதழைகளாற் பின்னிய செருப்பணிந்து செல்கின்றது. வழிப்போக்கரைக் காக்கும் தெய்வம் எவ்வாறு கள்வனாகவும் இருத்தல் கூடும் என்ற வினா இங்கு எழுகின்றது.

இதற்கான விடை பாதையின் இயல்பிலேயே உள்ளது. வணிகன் வந்த வழியாற்றான் கொள்ளையனும் வருகின்றான். ஊரெல்லைக்கு வெளியே பண்டமாற்றுக்கும் பறிப்புக்குமிடையே இருந்த வேறுபாடு மிகவும் மெல்லியது. வழியிற் கண்டெடுத்த பொருளைக் கிரேக்கர் 'ஹேர்மையோன்', அதாவது ஹேர்மிஸ் தந்தது, என்றனர். ஒருவன் வழியில் எதையேனும் கண்டெடுத்தால், உடன்செல்பவன் 'ஹேர்மிஸ் பொது' என்று கூறித் தன் பங்கைக் கேட்பது பழமொழி வழக்காயிருந்தது. உடைமையாளன் அறியப்படாத பொருள், உறவு அறியப்படாத மனிதன் ஆகிய இரண்டும் இத்தெய்வத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை.

நோர்மன் பிரவுன் என்ற அறிஞர் 1947 இல் வெளியிட்ட 'கள்வனாகிய ஹேர்மிஸ்' என்னும் நூலில் இதற்குச் சமூகவியல் விளக்கம் தந்தார். நிலவுடைமைப் பிரபுக்களின் ஆதிக்கத்துக்கு எதிராக வணிகரும் கைவினைஞரும் தலையெடுத்த காலத்துப் போராட்டமே, அப்பலோவுக்கும் ஹேர்மிஸுக்குமிடையிலான பூசலாகத் துதிப்பாடலில் வெளிப்படுகின்றது என்பது அவரது வாதம். அப்பாடலை அவர் கி.மு. 6 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஏதென்ஸுக்கு உரியதாகக் கொண்டார். காலம் பற்றிய இம்முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும் காட்டுவழித் தெய்வம் சந்தைத் தெய்வமாக வளர்ந்தமைக்குப் பொருளாதார மாற்றமே அடிப்படை என்ற அவரது கருத்து வலுவானது. ஊரும் ஊரும் எல்லையிற் பண்டம் மாற்றிக்கொண்ட காலத்தில் எல்லையில் நின்ற தெய்வம், சந்தை நகரின் நடுவுக்கு வந்தபோது தானும் உடன்வந்தது.

சந்தையில் அத்தெய்வம் எவ்வாறு வழிபடப்பட்டது என்பதற்குப் பயண நூலாசிரியர் பௌசானியஸ் ஒரு செய்தி தருகின்றார். அக்காயா நாட்டிலே பாரை என்னும் ஊரின் சந்தையிற் சந்தைக்குரிய ஹேர்மிஸின் உருவம் நின்றது. குறிகேட்க வருபவன் மாலையிற் சாம்பிராணியிட்டு, விளக்கேற்றி, காசொன்றை வைத்துத் தெய்வத்தின் காதில் தன் வினாவைக் கூறுவான். பின்பு தன் காதுகளைப் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியேறிக் கையை எடுப்பான். அப்போது முதலிற் கேட்கும் பேச்சே அவனுக்குரிய விடை. தமிழ் கற்ற எவருக்கும் முல்லைப்பாட்டிலே பெருமுதுபெண்டிர் விரிச்சி கேட்டு நின்றமை இவ்விடத்து நினைவுக்கு வரும். இரு வழக்குகளுக்குமிடையே தொடர்பிருந்தது என்பதற்குச் சான்றில்லை; ஒத்த தேவையினின்று ஒத்த வழக்கம் எழுந்தது என்று கொள்வதே முறையாகும். அயலானொருவன் தன்னையறியாது கூறும் சொல்லிலே தெய்வத்தின் குரலைக் கேட்கலாம் என்ற நம்பிக்கையே ஈண்டு முக்கியமானது. இந்நம்பிக்கை ஏதென்ஸில் எவ்வாறு தலைகீழாகியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாதையில் அரசு

ஏதென்ஸில் கி.மு. 6 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பைசிஸ்திராத்தஸும் அவனுடைய மக்களும் ஆட்சி செலுத்தினர். இவர்களுடைய காலத்தில் நகரும் நாட்டுப்புறமும் ஒரே ஆட்சியின்கீழ் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டன. கி.மு. 522/521 இல் இளைய பைசிஸ்திராத்தஸ் சந்தை வெளியிற் பன்னிரு தெய்வங்களின் பலிபீடத்தை அமைத்தான். நகரிலிருந்து பிற இடங்களுக்குள்ள தூரம் இப்பீடத்திலிருந்தே அளக்கப்பட்டது. பைசிஸ்திராத்தஸின் மகனாகிய ஹிப்பார்க்கஸ், அத்திக்கா நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் நகருக்கும் நடுவழியில் ஹேர்மிஸ் தூண்களை நிறுவினான். ஒரு பக்கத்தில் இடக்குறிப்பும் மறுபக்கத்தில் அவன் பெயரோடு ஓர் அறிவுரையும் பொறிக்கப்பட்டன. நேரிய சிந்தையோடு நடத்தல், நண்பனை வஞ்சியாதிருத்தல் என்பன அவ்வறிவுரைகளின் பொருளாகும். பிளேட்டோவின் பெயரால் வழங்கும் உரையாடலொன்று இச்செய்தியைத் தருகின்றது. கொரோப்பி என்னுமிடத்திற் கிடைத்த தூணின் துண்டொன்று, கெபாலி என்னும் ஊருக்கும் நகருக்கும் நடுவே தான் நிற்பதாகக் கூறி இதனை உறுதிப்படுத்துகின்றது.

இம்மாற்றத்தின் கருத்தை ஆராய்தல் வேண்டும். முன்னர் வழிப்போக்கர் தாமே கல்லிட்டு உயர்த்திய தெய்வம் இப்போது ஆள்வோன் நிறுவிய தூணாகின்றது. முன்னர்ச் சொல்லின்றியே கடமையை உணர்த்திய கல் இப்போது ஆள்வோனின் பெயரைச் சொல்லி அறம் போதிக்கின்றது. பாதை நகரை நோக்கியது, தூரம் நகரிலிருந்து அளக்கப்படுவது, அறமும் நகரிலிருந்து வருவது என்ற எண்ணம் நடைபயணம் செய்யும் ஒவ்வோர் உழவனின் மனத்திலும் பதிக்கப்பட்டது. இதனைச் சூழ்ச்சி என்று மட்டும் கூறிவிட முடியாது. பாதைகள் பாதுகாப்படைந்தன, வணிகம் பெருகியது. ஆனால் அறிமுகமில்லாதோரின் கூட்டுடைமையாயிருந்த ஒன்றை அரசு தனதாக்கிக்கொண்டது என்பதும் உண்மையே.

ஹிப்பார்க்கஸ் கி.மு. 514 இற் கொல்லப்பட்டான், கி.மு. 510 இல் அவன் அண்ணன் ஹிப்பியாஸ் துரத்தப்பட்டான், கி.மு. 508/507 இற் கிளைஸ்தனிஸின் சீர்திருத்தங்கள் மக்களாட்சிக்கு வழிவகுத்தன. கொடுங்கோலர் நிறுவியவை என்பதற்காக மக்களாட்சி ஹேர்மிஸ் தூண்களைக் கைவிடவில்லை. மாறாக அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. நாற்சதுரத் தூண், அதன் மேலே தாடியுடைய தலை, தோளிடத்தில் மாலை தொங்கவிடுவதற்கான இரு முளைகள், முன்புறத்தில் ஆண்குறி என்ற வடிவில் அவை வீட்டு வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் நிறைந்தன. செல்வன் வீடாயினும் வறியவன் வீடாயினும் வாசலில் நின்ற தெய்வம் ஒன்றே. சந்தை வெளியின் வடமேற்கு மூலையில் அவை மிகுந்திருந்தமையால் அவ்விடமே 'ஹேர்மிஸ்கள்' என வழங்கப்பட்டது. பாரசீகரிடமிருந்து ஏயோன் நகரைக் கைப்பற்றிய வெற்றிக்காகச் சைமன் முதலான தளபதிகளுக்கு மூன்று ஹேர்மிஸ் தூண்களை நிறுவ மக்கள் அனுமதியளித்தனர். ஆனால் தளபதிகளின் பெயர்களை அவற்றிற் பொறிக்க அனுமதிக்கவில்லை. ஹிப்பார்க்கஸ் தன் பெயரைப் பொறித்த அதே வகைக் கல்லில் எவர் பெயரும் இடம்பெறலாகாது என்று மக்களாட்சி விதித்தமை பொருள்பொதிந்ததாகும்.

ஓர் இரவு

கி.மு. 431 இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்குமிடையே தொடங்கிய போர் கி.மு. 421 இல் ஓர் உடன்படிக்கையால் தணிந்திருந்தது. கி.மு. 415 இல் ஏதென்ஸ் மக்கள் சிசிலித் தீவின்மீது படையெடுக்கத் தீர்மானித்தனர். நிக்கியாஸ் இதனை எதிர்த்தார். இளந்தலைவன் அல்சிபியாடிஸ் ஆர்வத்தோடு ஆதரித்தான். இவ்விருவரும் லாமக்கஸும் தளபதிகளாயினர். தோழமை நாடுகளின் கப்பல்களையுஞ் சேர்த்து மூவரிசைத் துடுப்புக் கப்பல்கள் 134, கவசம் பூண்ட காலாட்படையினர் 5,100 பேர் என அப்படையின் அளவை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் தருகின்றார். கிரேக்க நகரொன்று அதுவரை மேற்கொண்ட பயணங்களுள் மிகப் பெரியவற்றுள் இது ஒன்றாகும்.

கப்பல்கள் புறப்பட ஆயத்தமாயிருந்த நாட்களில், ஓர் இரவு நகரிலிருந்த கல் ஹேர்மிஸ்களிற் பெரும்பாலானவற்றின் முகங்கள் சிதைக்கப்பட்டன. பயணத்துக்குரிய தெய்வம் பயணத்தின் தொடக்கத்தில் அவமதிக்கப்பட்டமை தீய நிமித்தமாகக் கருதப்பட்டது. ஆனால் மக்களின் கலக்கத்துக்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமென்பது பொருந்தாது. ஓரிரவுக்குள் நகரெங்கும் இத்தனை கற்களை உடைப்பதற்குப் பலர் கூடித் திட்டமிட்டிருத்தல் வேண்டும். இவ்வாறு இரகசியமாகக் கூடக்கூடியவர்கள் மக்களாட்சியையும் கவிழ்க்கக்கூடும் என மக்கள் அஞ்சியதாகத் தூசிடிடிஸ் எழுதுகின்றார். சிராக்கியூஸின் தாய்நகராகிய கொரிந்தியரின் செயலென ஐயுற்றோரும், குடிமயக்கத்தில் இளைஞர் செய்த குறும்பெனக் கொண்டோரும் இருந்தமையைப் புளூட்டாக் கூறுகின்றார்.

ஒவ்வொருவன் வாசலிலும் நின்ற கல் உடைக்கப்பட்டதால், ஒவ்வொருவனும் தன் வீடே குறிவைக்கப்பட்டதாக உணர்ந்தான். உடைத்தவன் அந்நியனாகத் தெரியவில்லை. தெருவையும் வாசலையும் நன்கறிந்தவன். ஆகவே அச்சம் அயலவன்மீது திரும்பியது.

அச்சமும் சட்டமும்

மக்கட்பேரவை பெரும்பரிசில்களை அறிவித்தது. பைசாந்தரின் தீர்மானம் 10,000 டிராக்மாவையும் கிளியோனிமஸின் தீர்மானம் 1,000 டிராக்மாவையும் பரிசாக விதித்தன. இச்செயலை மட்டுமன்றி வேறெந்தத் தெய்வநிந்தனையைப் பற்றியும் குடிமகனோ, குடியேறி வாழும் அந்நியனோ, அடிமையோ அச்சமின்றித் தகவல் தரலாம் என அறிவிக்கப்பட்டது. கற்களை உடைத்தவர் பற்றிய செய்தி முதலிற் கிடைக்கவில்லை. மாறாக, எலியூசிஸ் மறைச்சடங்குகளைத் தனியார் வீடுகளிற் சிலர் கேலியாக நடித்தமை பற்றிய செய்திகள் வெளிவந்தன. அல்சிபியாடிஸின் பெயரும் அதிற் சேர்ந்தது. புறப்படுமுன் தன்னை விசாரிக்கும்படி அவன் வேண்டினான். படையினரின் ஆதரவு அவனுக்கிருந்தமையால் எதிரிகள் அதனைத் தவிர்த்து, அவனை அனுப்பிவிட்டு அவனில்லாதபோது வழக்கை வளர்த்தனர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை அந்தோகிடிஸ் என்பவரின் உரையிலிருந்து அறிகின்றோம். குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒருவரான அவர் ஏறக்குறைய கி.மு. 400 இல், தம்மைத் தற்காத்துப் பேசிய உரை அது. எனவே எச்சரிக்கையோடு கையாளவேண்டியது. தியோக்கிளைடிஸ் என்பவன், அவ்விரவில் நிலவொளியில் முந்நூறு பேரளவில் அரங்கின் அருகே கூடிநின்றதைத் தான் கண்டதாகக் கூறி 42 பேரின் பெயர்களைக் கொடுத்தான். நகரைக் காத்தவன் என அவனுக்கு முடிசூட்டி விருந்தளித்தனர். பேரவை உறுப்பினர் இருவரின் பெயரும் அப்பட்டியலில் இருந்தன. குடிமக்களைச் சித்திரவதைக்குட்படுத்தலாகாது என்ற பழைய சட்டத்தை நீக்கவேண்டுமெனப் பைசாந்தர் முன்மொழிந்தபோது பேரவையினர் ஆரவாரித்து ஆதரித்தனர். அவ்விருவரும் பிணை கொடுத்துவிட்டுக் குதிரையேறிப் பகைவரிடம் ஓடினர். அந்தோகிடிஸும் அவர் தந்தையும் உறவினரும் சிறையிடப்பட்டனர். இரவிற் சிறைக்கு ஒருவரின் தாயும் மற்றொருவரின் சகோதரியும் வேறொருவரின் மனைவி மக்களும் வந்து புலம்பியதை அவர் விவரிக்கின்றார்.

அவ்வுரையிலுள்ள ஒரு செய்தி நம் நோக்குக்கு மிகவும் முக்கியமானது. பேரவை கூடுவதற்கான அறிவிப்பு விடுக்கப்பட்டவுடன் உறுப்பினர் மண்டபத்தினுள் செல்வர். அதே அறிவிப்பைக் கேட்டுச் சந்தை வெளியில் நின்றோர், தாம் கைதாகலாமென அஞ்சி, சிதறி ஓடுவர் என்கின்றார் அவர். சந்தை வெளி ஹேர்மிஸின் இடமாகும். அறியாதவனோடும் அச்சமின்றிப் பேசிக் கொள்வதும் கொடுப்பதும் நிகழ்ந்த இடம். பாரையூரின் சந்தையில் அயலவனின் சொல்லைத் தெய்வத்தின் சொல்லாகக் கேட்டனர். ஏதென்ஸின் சந்தையில் அயலவனின் சொல்லுக்கு அஞ்சி ஓடினர். கற்களின் முகத்தைச் சிதைத்தவர்கள் இதனைச் செய்யவில்லை; விசாரித்தவர்களே செய்தனர்.

இறுதியில் அந்தோகிடிஸ் தமக்குத் தண்டனை விலக்குப் பெற்றுக்கொண்டு, தமது தோழர் குழுவினர் சிலரின் பெயர்களைக் கூறினார். பின்னர்த் தியோக்கிளைடிஸ் தான் கூறியது பொய்யென ஒப்புக்கொண்டு கொலைத்தண்டனை பெற்றான். நிலவொளியிற் கண்டதாகச் சாட்சி கூறப்பட்ட அவ்விரவு அமாவாசையையடுத்த நிலவற்ற இரவு என்று புளூட்டாக் எழுதுகின்றார். அந்தோகிடிஸ் பெயர் கூறியோரிற் பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டனர். தப்பியோடியோரின் தலைகளுக்கு விலை வைக்கப்பட்டது. அன்றும் பின்னரும் உண்மையை உறுதியாக எவராலும் கூற இயலவில்லை என்றும், கொல்லப்பட்டோர் நியாயமாகத் தண்டிக்கப்பட்டனரா என்பது தெளிவற்றதாயினும் நகர் அப்போதைக்கு ஆறுதலடைந்தது என்றும் தூசிடிடிஸ் கூறுகின்றார். உண்மையன்று, ஆறுதலே விசாரணையின் பயனாயிற்று.

தண்டிக்கப்பட்டோரின் உடைமைகள் ஏலமிடப்பட்டுக் கற்பலகைகளிற் பதிவுசெய்யப்பட்டன. அகழ்வாய்வுகளிற் கிடைத்த அப்பலகைகளில் துறைமுகப் பகுதியில் வாழ்ந்த கெபிசொடோரஸ் என்ற குடியேறியவரின் அடிமைகள் 16 பேரின் விலைகள் காணப்படுகின்றன: திரேசியப் பெண் ஒருத்தி 165 டிராக்மா, சிரியன் ஒருவன் 240, காரிய நாட்டுச் சிறுவன் ஒருவன் 72. இவர்கள் எவ்வழியாக ஏதென்ஸுக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. வழித்தெய்வத்தின் மதிப்பைக் காக்க நடந்த விசாரணையில், தம் விருப்பமின்றியே வழிநடத்தப்பட்டு வந்த இம்மனிதர் கட்டிலோடும் பானையோடும் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டனர். கிரேக்க நகரின் பொது ஒழுக்கம் எவரைத் தன் எல்லைக்குள் கொண்டது, எவரைக் கொள்ளவில்லை என்பதை இது காட்டுகின்றது.

விளைவுகள்

சிசிலியிலிருந்த அல்சிபியாடிஸை அழைத்துவர அரசுக் கப்பல் அனுப்பப்பட்டது. அவன் வழியிலே தூரி நகரில் தப்பி, ஸ்பார்ட்டாவை அடைந்தான். சிராக்கியூஸுக்குத் தளபதியொருவரை அனுப்பும்படியும் அத்திக்காவிலுள்ள தெக்கெலியாவை அரண்செய்து கைக்கொள்ளும்படியும் ஸ்பார்ட்டரைத் தூண்டினான். கி.மு. 413 இற் சிசிலிப்படை முற்றாக அழிந்தது; 7,000 பேருக்குக் குறையாதோர் கற்குழிகளில் அடைக்கப்பட்டனர். இத்தோல்விக்கு இராணுவத் தவறுகள் பல காரணமாயினும், படையெடுப்பின் மூலகர்த்தாவையே பகைவனிடம் துரத்தியமை ஏதென்ஸ் தானே தேடிக்கொண்ட இழப்பாகும்.

தெக்கெலியா பகைவர் கையிற் சிக்கியதும் பாதைகளும் மூடப்பட்டன. யூபியாவிலிருந்து தரைவழியாக வந்த உணவுப்பொருள்கள் சூனியம் முனையைச் சுற்றிக் கடல்வழியாகப் பெருஞ்செலவிற் கொண்டுவரப்பட்டன. எலியூசிஸ் மறைச்சடங்கின் ஊர்வலமும் புனித வீதியைக் கைவிட்டுக் கடல்வழியே செல்லவேண்டியதாயிற்று. மன்னிக்கப்பட்டு கி.மு. 407 இல் ஏதென்ஸுக்கு மீண்ட அல்சிபியாடிஸே படைகளைத் துணையாக நிறுத்தி அவ்வூர்வலத்தை மீண்டும் தரைவழியே நடத்திச் சென்றான். அச்சடங்கை அவமதித்தான் என்று எவனுக்கு மரணதண்டனை விதித்தார்களோ அவனையே அதன் காவலனாக்க நேர்ந்தது.

மக்களாட்சியின் மிகப் பெரிய ஆர்வலர் என்று கி.மு. 415 இற் பெயர்பெற்ற விசாரணையாளர் இருவர் பைசாந்தரும் கரிக்கிளிஸும் ஆவர். நிகழ்ந்தது ஓரிருவரின் குறும்பன்று, மக்களாட்சிக்கெதிரான சதி என்று வற்புறுத்தியோர் இவர்களே. நான்கு ஆண்டுகளின் பின், கி.மு. 411 இல், மக்களாட்சியைக் கவிழ்த்துச் சிலராட்சியை நிறுவியோருள் முதன்மையானவர் பைசாந்தர். கி.மு. 404 இல் ஏதென்ஸை ஆண்ட முப்பதின்மர் எனப்பட்ட கொடுங்கோலருள் ஒருவர் கரிக்கிளிஸ். சதிகாரரைத் தேடும்படி மக்கள் தம் சட்டத்தின் திறவுகோலை எவர் கையிற் கொடுத்தனரோ, கதவை உடைத்தோர் அவர்களே. சதி பற்றிய அச்சத்தாற் சட்டத்தின் காவல்களைத் தளர்த்திய நகரம் உண்மையான சதி வந்தபோது காவலற்றிருந்தது.

முடிவுரை

ஹேர்மிஸ் வழிபாட்டின் வரலாற்றை மூன்று நிலைகளில் நோக்கினோம். முதலாவது நிலையில் அது அறிமுகமில்லாத வழிப்போக்கரின் கூட்டுப் பொறுப்பு. இரண்டாவது நிலையில் அரசு அதனைத் தன் அளவுகோலாகவும் அறநெறிப் பலகையாகவும் மாற்றியது. மூன்றாவது நிலையில் அது மக்களாட்சி நகரின் பொது அடையாளமாகி, உடைக்கப்பட்டபோது முழுநகரையும் அச்சத்துள் ஆழ்த்தியது. எந்நிலையிலும் அத்தெய்வத்தின் பின்னே இருந்தது ஒன்றே: முன்பின் அறியாதவன் தனக்குத் தீங்கு செய்யான் என்ற நம்பிக்கை.

கல்லை உடைத்தோர் அந்நம்பிக்கையின் சின்னத்தை உடைத்தனர். அவர்கள் குற்றவாளிகளே என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைந்த கல்லுக்குப் பதிலாக வேறொன்றை நாட்ட முடியும். பரிசுக்காகச் சொல்லப்பட்ட சொல்லைச் சோதியாது ஏற்றமை, கெட்டவனின் சாட்சியத்தை நம்பி நல்லவர்களைச் சிறையிட்டமை, சித்திரவதையைத் தடைசெய்த சட்டத்தை ஒரே அமர்வில் நீக்கத் துணிந்தமை ஆகியவற்றை நகரமே செய்தது. அவற்றைச் சீர்செய்வதற்கு அது பெரிதும் துன்புறவேண்டியிருந்தது. கி.மு. 403 இல் மக்களாட்சி மீண்டபோது, பழையவற்றை மனத்திற் கொள்வதில்லை என்று ஏதென்ஸ் மக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழி செய்துகொண்டனர். அண்டை வீட்டானோடு மீண்டும் ஒரே தெருவில் நடப்பதற்கு அவ்வுறுதிமொழி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தோகிடிஸ் தமது உரையை நிகழ்த்தியதும் விடுதலை பெற்றதும் அதன் பின்னரே.